ஊட்டிக்குக் காரில் போகிறவர்களுக்கு: குன்னூர் வழியா, கோத்தகிரி வழியா?

மேட்டுப்பாளையத்தைத் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரியும். ஒன்று கல்லாறு, பர்லியார், குன்னூர் வழியாக ஊட்டிக்குப் போகிறது. மற்றொன்று குஞ்சப்பனை, கோத்தகிரி வழியாகப் போகிறது. விடுமுறை நாளில் அந்தப் பிரிவில் நின்றுகொண்டு எது சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று செல்பேசியைப் பார்ப்பதுதான் வழக்கம். நான் கேட்பது வேறு: எந்த வழியில் இறங்கப் போகிறீர்கள்?

தூரக் கணக்கில் குன்னூர் வழிக்கே வெற்றி. ஊட்டி சுமார் 50 கிலோமீட்டர். கோத்தகிரி வழியில் அதைவிடப் பத்துக்கு மேல் கூடும். குன்னூர் வழி தேசிய நெடுஞ்சாலை. வழியெங்கும் கடைகள் உண்டு, வண்டி பழுதானால் மெக்கானிக் கிடைக்க வாய்ப்பும் அதிகம். ஆனால் 14 கொண்டை ஊசி வளைவுகள். லாரி, அரசுப் பேருந்து, சுற்றுலா வேன் எல்லாம் அதே பாதையில்தான். ஒரு பேருந்து வளைவில் திரும்பத் திணறினால் பின்னால் நிற்கும் ஐம்பது கார்களும் ஏற்றத்தில் நின்று, மறுபடி கிளம்பியாக வேண்டும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கிளட்சை மெல்ல விட்டுக் கிளம்பிப் பழகாதவர்களுக்கு அங்கேதான் வியர்க்கும். கிளட்ச் கருகும் வாசனைக்குக் குன்னூர் சாலையில் பஞ்சமே இல்லை.

கோத்தகிரி வழியிலும் வளைவுகள் ஏராளம். பின்சீட்டுக் குழந்தைகள் வாந்தி எடுப்பதில் இரண்டு வழிக்கும் வித்தியாசம் கிடையாது. ஆனால் கொண்டை ஊசி வளைவுகள் குறைவு, சரிவும் சற்றுச் சாது. நெரிசலும் குறைவு. குறை என்றால், சில இடங்களில் சாலை ஒடுங்கிவிடும். நள்ளிரவில் பஞ்சரானால் உதவிக்கு ஆள் தேட வேண்டியிருக்கும்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையத்திலிருந்து கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் செங்குத்தாக மேலே போகிறோம். அந்த வேலையை எஞ்சின் செய்கிறது. காற்று மெலிவதால் சிறிய பெட்ரோல் வண்டிகள் கொஞ்சம் முனகும். டர்போ வண்டிகளுக்கு அது அவ்வளவு தெரியாது. கூலன்ட் குறைந்திருந்தால் எஞ்சின் சூடாகும். மிஞ்சிப்போனால் ஓரமாக நிறுத்திவிடலாம். இறங்கும்போது அதே இரண்டு கிலோமீட்டரின் கனத்தையும் பிரேக் தாங்குகிறது. அது தோற்றால் ஓரமாக நிறுத்துவது எப்படி?

இது எனக்குப் பட்டுத் தெரிந்த பாடம். முதல் தடவை குன்னூரிலிருந்து இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டேன். பர்லியார் வருவதற்குள் பிரேக் பெடல் பஞ்சுபோல் உள்ளே போயிற்று, முன்சக்கரத்தில் புகை. எப்படியோ நிறுத்திவிட்டு நடுங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த லாரி ஓட்டுநர் ஒருவர் சொன்னார்: "தம்பி, எந்த கியரில் ஏறினாயோ, அந்த கியரிலேயே இறங்கு." அதன் பொருள் எளிது. இரண்டாவது கியரில் விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுக்கும். பிரேக்கை அவ்வப்போது அழுத்தி எடுத்தால் போதும். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் 'டி'யிலேயே விட்டுவிடாமல், கியரைக் கையால் குறைக்கும் வசதியையோ 'எல்' நிலையையோ பயன்படுத்த வேண்டும். மின்சாரக் கார்க்காரர்களுக்கு ஒரு விசித்திரம்: ஊட்டியில் நூறு சதவீதம் சார்ஜ் செய்துகொண்டு இறங்கக் கூடாது. நிறைந்த பேட்டரிக்கு இறக்கத்தில் கிடைக்கும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள இடமிருக்காது. மோட்டார் பிடித்து நிறுத்தும் விசையும் குறைந்துவிடும்.

ஆகவே கிளம்புவதற்கு முன் ஒர்க்‌ஷாப்பில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்க வேண்டும் என்றால், பிரேக் ஆயிலை எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் திரவம். பழைய ஆயில் சீக்கிரம் கொதித்து, குழாயில் குமிழி உண்டாகும். எனக்குப் பெடல் உள்ளே போனது அப்படித்தான். பிரேக் பேடுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். டயரில் பட்டன் (வரிப்பள்ளம்) ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மலையை மறந்துவிடுங்கள். ஸ்டெப்னியில் காற்று, ஜாக்கி, வைப்பர் ரப்பர் ஆகியவற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. மைசூர்ப் பக்கமிருந்து வருபவர்களுக்கு அதன்மேல் ஆசை அதிகம். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகள். கூடலூர் வழியாகச் சுற்றி வருவதைவிடத் தூரம் பாதிதான். ஆனால் சரிவு கொடூரம். 2018இல் சென்னையிலிருந்து வந்த கார் ஒன்று அங்கே பள்ளத்தில் விழுந்து, இரண்டு நாள் யாருக்கும் தெரியாமலே கிடந்தது. அதன்பின் வெளியூர் வண்டிகள் அதில் இறங்கத் தடை வந்தது. மைசூர் போக கூடலூர் வழியே போதும். பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படும் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் தீர்ப்பு: ஏறுவதற்குக் குன்னூர், இறங்குவதற்குக் கோத்தகிரி. கோடை சீசனில் போலீஸாரே போக்குவரத்தை இப்படித்தான் ஒருவழியாக்குகிறார்கள். மற்ற மாதங்களிலும் அதையே பின்பற்றுவதில் எனக்குத் தயக்கமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் இந்த விதி செல்லாது. மண்சரிவு எந்தச் சாலையில் விழும் என்று சொல்ல முடியாது. அன்று காலை எது திறந்திருக்கிறதோ அதுதான் வழி. எந்த வழியானாலும் இ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல் அது கட்டாயம். நீலகிரிப் பதிவெண் கொண்ட வண்டிகளுக்கு விலக்கு உண்டு.

கோத்தகிரி வழியாக இறங்க முடிவு செய்தால், ஊட்டியை மதியமே விட்டுவிடுங்கள். பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனைப் பக்கம் யானைகள் வரும். இருட்டிய பிறகு வளைவைத் திரும்பியதும் சாலை நடுவே ஒன்று நின்றால் ஹாரன் அடிக்கக் கூடாது, இறங்கிப் படம் எடுக்கவும் கூடாது. தள்ளி நிறுத்தி, அது போகும்வரை காத்திருக்க வேண்டும். ஒருமுறை எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிரேக் ஆறுவதற்கு அது நல்ல அவகாசமாகவும் இருந்தது.