ஏழு படம் எடுத்துவிட்டு யோசிக்கும் கேமரா

ஆத்தூர்த் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: “அண்ணா, நீங்க வெச்சிருக்கற அதே கேமரா செகண்ட் ஹேண்ட்ல வருதுங்க. எடுத்துரலாமுங்களா?” வாட்ஸ்அப்பில் பதில் எழுத உட்கார்ந்தால் முடிகிற வழியாக இல்லை. என்னுடையதும் இப்போதுதான் ஜூம் மோட்டார் மாற்றி சர்வீஸிலிருந்து வந்திருக்கிறது. பில்லைப் பார்த்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

என்னுடையது பிரிட்ஜ் கேமரா, அதாவது லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாத, நீள ஜூம் உள்ள வகை. அறுபது மடங்கு ஜூம், படத்தை வாங்கும் சென்சார் 1/2.3 அங்குலம். எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை, இந்த வகையில் எல்லாமே அண்ணன் தம்பிகள்தான். சேலம் மூக்கனேரி ஏரிக் கரையில் காலை வெயிலில் நின்று கொக்கும் நீர்க்காகமும் எடுக்க இது தாராளமாகப் போதும். வெயில் ஏறிய பிறகு தண்ணீருக்கு மேல் அனல் நெளிய ஆரம்பித்துவிடும். அப்போது லட்ச ரூபாய் லென்ஸ் வைத்திருப்பவருக்கும் தூரத்துப் பறவை கலங்கித்தான் தெரியும்.

சிக்கல் மேலே, ஏற்காட்டில்தான் ஆரம்பிக்கிறது. காப்பித் தோட்டம் என்றால் மேலே சில்வர் ஓக், அதில் படர்ந்த மிளகுக்கொடி, அதற்குக் கீழே காப்பிச் செடி. கண்ணுக்கு நல்ல வெளிச்சமாகத் தெரியும், கேமராவுக்கு அது ராத்திரி. பெரிய சென்சார் உள்ள முழு ஃப்ரேம் கேமராவோடு பார்த்தால் இந்த சென்சாரின் பரப்பு ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. அதோடு முழு ஜூமில் லென்ஸின் வாயும் சுருங்கிவிடுகிறது. சென்சாரின் ஒளியுணர்வைக் கூட்டலாம் என்றால், அந்த ஐஎஸ்ஓ அளவு 800ஐத் தாண்டினால் இறகு இறகாகத் தெரியாது, மெழுகு பூசியது போல ஆகிவிடும். ஆக, ஷட்டர் வேகத்தைக் குறைத்து வெளிச்சத்தைக் கூடுதல் நேரம் உள்ளே விடுவதைத் தவிர வேறு வழியில்லை. 1200 மி.மீ.க்குச் சமமான ஜூமைக் கையில் பிடித்து எடுக்க, பழைய கணக்குப்படி ஷட்டர் 1/1200 நொடியாவது வேண்டும். தோட்டத்து நிழலில் எனக்குக் கிடைப்பது 1/30, அதிர்ஷ்டம் இருந்தால் 1/60.

இங்கேதான் இந்தக் கேமராவை மனதாரப் பாராட்ட வேண்டும். இதன் கை அதிர்வுத் தடுப்பு அபாரம். சில்வர் ஓக் மரத்தில் தோளைச் சாய்த்து, மூச்சை விட்டு முடித்த கணத்தில் அழுத்தினால் 1/20ல்கூட கூர்மையான படம் வந்திருக்கிறது. ஓடைப் பாறையில் நின்ற சீகார்ப் பூங்குருவியை அப்படித்தான் எடுத்தேன். கறுப்பாகத் தெரியும் உடம்பில் தோளிலும் நெற்றியிலும் அந்த நீலம் தனியாக மின்னும், அது படத்தில் அப்படியே நின்றது. ஆனால் கேமரா அடக்குவது என் கை நடுக்கத்தை மட்டும்தான், பறவையின் அசைவை அல்ல. அதனால் பறவை நகரும்போது அழுத்தவே கூடாது. நடந்து, கொத்தி, நிமிர்ந்து ஒரு நொடி அசையாமல் நிற்கும் பாருங்கள், அந்த ஒரு நொடிதான் நமக்கு.

அந்த ஒரு நொடிக்குத் தொடர் படப்பிடிப்பு வேண்டும், அதாவது பட்டனை அழுத்திப் பிடித்தால் மடமடவென்று பல படம் விழ வேண்டும். சரி, ஏழு படம் எடுக்கும். அப்புறம்?

அப்புறம் கேமரா யோசிக்கும். கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் இருண்டுவிடும், நடுவில் மணல் கடிகாரம் போல ஒரு சின்னக் குறி. ஜூம் நகராது, எந்த பட்டனும் வேலை செய்யாது. எல்லாவற்றையும் கார்டில் எழுதி முடித்த பிறகுதான் நம்மைத் திரும்பிப் பார்க்கும்.

குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் ஆறுமணிக் குருவியை எடுக்கப் போனவர்களுக்கு இதன் கொடுமை புரியும். விடியலிலும் பொழுது சாயும்போதும் அது குரல் கொடுக்கும் நேரமே கேமராவுக்கு ஆகாத நேரம். ஒரு சாயங்காலம் எஸ்டேட் ஓரச் சருகில் என்னிடமிருந்து பத்தடி தள்ளி ஒன்று வந்து நின்றது. பச்சை முதுகு, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, வாலடியில் சிவப்பு. நின்றது, அழுத்தினேன், ஏழும் விழுந்தன. கேமரா இருண்டது. நான் கேமராவை இறக்கி வெறுங்கண்ணால் பார்க்கிறேன்: அது சருகை ஒதுக்கி ஒரு மண்புழுவைக் கவ்வி, காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுக்கிறது. புழு நீண்டுகொண்டே வருகிறது. இவ்வளவும் நடக்க, கையில் செத்த கேமரா. அது உயிர்த்தெழுந்தபோது அங்கே சருகுதான் இருந்தது. எடுத்த ஏழில் ஒன்று நன்றாகவே வந்திருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் புழுதான் ஞாபகம் வருகிறது.

வேகமான கார்டு போட்டால் சரியாகும் என்றார்கள். போட்டேன், காத்திருப்பு கொஞ்சம் குறைந்தது, தீரவில்லை. மொபைலில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை மறுபடி வரவழைக்கலாம் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. வேற்றுக் குருவி வந்துவிட்டது என்று இரை தேடுவதை விட்டுவிட்டு அது அலைய வேண்டும், எனக்கு ஒரு படம் வேண்டும் என்பதற்காக. அது எனக்கு ஒப்பவில்லை.

இப்போது தனித்தனியாகத்தான் அழுத்துகிறேன். நின்றால் ஒன்று, மறுபடி நின்றால் இன்னொன்று. ஒரு பெரிய சந்தர்ப்பம் வரும் என்று தோன்றினால் மட்டும் தொடர். எது பெரிய சந்தர்ப்பம் என்று பறவை முன்கூட்டிச் சொல்வதில்லை, அதுதான் தொல்லை.

ஆட்டோ ஃபோகஸும் காப்பி இலையைத்தான் முதலில் பிடிக்கும். அதற்கு ஒரு வழி இருக்கிறது: பறவை இருக்கும் தூரத்திலேயே உள்ள ஒரு மரத்தண்டில் ஃபோகஸ் வைத்து, பட்டனைப் பாதி அழுத்தியபடியே பறவைக்குத் திருப்ப வேண்டும். அரசவால் ஈப்பிடிப்பான் கிளையில் உட்கார்ந்திருக்கும்போது இது பலிக்கும். ஜூமைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தலை இருக்கும், வால் ஃப்ரேமுக்கு வெளியே போய்விடும்.

காட்டெருமை விஷயத்தில் இந்த நீள ஜூம் ஒரு வரம். ஏற்காட்டில் அது ரோட்டோரத்திலேயே நிற்கும். ஒரு டன் வரை எடை ஏறும் மிருகத்துக்கு முன்னால் மொபைலை நீட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை கால் உதறுகிறது. வண்டியை விட்டு இறங்காமல், தூரத்திலிருந்தே கண் இமை வரைக்கும் எடுக்கலாம். பனிமூட்டத்தில் மட்டும் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும்.

சரி தம்பி, வாங்கலாமா என்றால், வேண்டாம். இவ்வளவு பாராட்டிவிட்டு வேண்டாம் என்கிறாரே என்று நினைக்காதீர்கள். உங்களுக்குக் குறி வனப்பறவை என்றால், அந்தக் காசுக்குப் லென்ஸ் மாற்றக்கூடிய பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்றும் 70-300 மி.மீ. ஜூம் லென்ஸும் தேடுங்கள். படத்தில் பறவை சின்னதாகத்தான் விழும், சுற்றியிருப்பதை வெட்டிக்கொள்ளலாம். குறைந்தபட்சம் புழு வரும்போது கேமரா முழித்திருக்கும். என்னுடையதை நான் விற்கப்போவதில்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது, 1/20ல் வந்த அந்த நீலத்தைக் காட்டுவேன்.

என் பேச்சைக் கேட்காமல் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், ஜூமை நாலைந்து தடவை முழுக்க நீட்டி மடக்கிக் காதைக் கொடுத்துக் கேளுங்கள், கரகரவென்றால் விட்டுவிடுங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்து நூல் நூலாகப் பூஞ்சை இருக்கிறதா என்றும் பாருங்கள். மலையில் இருந்த கேமரா என்றால் ரெண்டு தடவை பாருங்கள்.