அண்ணனின் இதயப் பரிசோதனையும் ஓர் அளவு நாடாவும்

விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, சென்ற ஆண்டு இதயக் குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்துக்கொண்ட அண்ணனை மறுபரிசோதனைக்கு அழைத்துச் சென்றேன். ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, எக்கோ எல்லாம் ஒரே காலையில் முடிந்துவிட்டன. அந்த வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அறிக்கையில் ஒரு வரி உறுத்தியது. உயரம் 168 செ.மீ., எடை 69 கிலோ, பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 24.4, இயல்பு. ஆசியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே ஆபத்து கூடத் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-லேயே சொல்லிவிட்டது. மருத்துவரோ மாத்திரைகளைத் தொடரச் சொன்னதோடு சரி.

ஆலோசனை அறையில் இருந்த செவிலியர்தான் நாடாவை எடுத்தார். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே சுற்றிப் பிடித்து, "வயிற்றை எக்காதீர்கள் ஐயா, மூச்சை மெல்ல விடுங்கள்" என்றார். 98 செ.மீ. எங்களைப் போன்ற தெற்காசிய ஆண்களுக்கு 90-க்குள் இருப்பது நல்லது, பெண்களுக்கு 80.

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். ஸ்டென்ட் திறந்துவிட்டது அடைப்பு இருந்த ஓரிடத்தை மட்டும்தான். உடலிலுள்ள ரத்தக் குழாய்கள் அனைத்திலும் உட்புறம் ஒற்றை அடுக்காகப் படர்ந்திருக்கிறது எண்டோதீலியம். அது சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடுதான் குழாயைத் தளர்த்தி விரியச் செய்கிறது. (இந்த வாயுவின் பங்கைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது.) தொப்பைக்குள் குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படியும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களை ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கிறது; இன்சுலினின் வேலையையும் கெடுக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது, குழாய் விறைக்கிறது, கொழுப்புத் துகள்கள் அதன் சுவருக்குள் புகுந்து தங்குகின்றன. ஒல்லியான கை கால்களும் தொப்பையுமாக இருப்பவர்களுக்கும் இதே கதைதான். அண்ணன் அப்படிப்பட்டவர்.

கெட்டுப்போன உட்சுவர் ஓரளவு தேறவும் கூடும் என்று அவர் சொன்னபோது எனக்கு உயிர் வந்தது. எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்குகின்றன. நடக்கும்போது வேகமாகப் பாயும் ரத்தமே உட்சுவரைத் தூண்டி நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்க வைக்கிறது. இதயநோயாளியைப் பரிசோதிக்கும் ஒவ்வோர் இடத்திலும் இந்த நாடா இருக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் போனால் கேட்டு வாங்கி அளக்கச் செய்யுங்கள்.

"எடை குறைந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்று அண்ணன் கேட்டார். செவிலியர் உடனே மறுத்தார்: ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் ஒருநாளும் நிறுத்தக் கூடாது.