‘ராத்திரியும் தெரியாது’ என்று சொல்லி ஒட்டும் ஜன்னல் ஃபிலிம்: பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

சென்னைப் புறநகரில், மேற்குப் பார்த்த ஒரு அடுக்குமாடி வீடு. படுக்கையறை, ஹால், குளியலறை என்று எல்லா ஜன்னலுக்கும் பிரைவசி ஃபிலிம், அதாவது வெளியிலிருந்து பார்வையை மறைக்கக் கண்ணாடியில் ஒட்டும் படலம், ஒட்டக் கொடுத்தார்கள். ஒட்டியவர் கொடுத்த வாக்கு இரண்டு: 24 மணி நேரமும் வெளியிலிருந்து எதுவும் தெரியாது; 5 வருஷம் கேரண்டி. ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இரண்டும் பொய்த்துவிட்டன. இப்போது அவர் போனை எடுப்பதில்லை. பில்லில் ‘ஃபிலிம் ஒர்க்’ என்பதைத் தவிர ஒரு எழுத்தும் இல்லை. இதே மாதிரி இன்னும் பல வீடுகளில் நடக்கிறது என்பதால், எது எதனால் கெட்டது என்று விவரமாக எழுதுகிறோம்.

படுக்கையறையில் ஒட்டியது அடர் நிற மிரர் ஃபிலிம். வெளிச்சம் அதிகமுள்ள பக்கம் நிற்பவருக்குத்தான் அது முகம் பார்க்கும் கண்ணாடி. வெளிச்சம் குறைந்த பக்கம் நிற்பவருக்கு அடுத்த பக்கம் தெரியும். பகலில் வெளியே வெளிச்சம், அதனால் உள்ளே தெரியாது. இரவில் டியூப்லைட் போட்டதும் நிலைமை தலைகீழ்: உள்ளே இருப்பவருக்குத் தன் முகம் தெரியும், எதிர் வீட்டுக்காரருக்கு அறை முழுக்கத் தெரியும். எந்த விலை மிரர் ஃபிலிமும் இதை மாற்ற முடியாது. மிரர் ஃபிலிமுக்கு ‘ராத்திரியும் தெரியாது’ என்று ஒருவர் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். இரவிலும் மறைப்பு வேண்டுமென்றால் பால்போல மங்கலாக இருக்கும் ஃப்ராஸ்டட் ஃபிலிம்தான். அதிலும், கண்ணாடியை ஒட்டி நிற்பவரின் நிழலுருவம் தெரியும். தள்ளி நின்றால் மங்கிவிடும். குளியலறையில் விளக்குக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஆள் நிற்க நேருமா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அதே படுக்கையறையில் ஒரு ஃபிக்ஸட் (திறக்க முடியாத) கண்ணாடி விரிசல் விட்டது. ‘கட்டடம் இறங்கியிருக்கும்’ என்றாராம் ஒட்டியவர். விரிசல் ஓரத்திலிருந்து நேர் செங்குத்தாகத் தொடங்கி, உள்ளே வந்தபின் வளைந்து போயிருந்தது. இது சூட்டால் வந்த விரிசலின் அடையாளம். அடர் ஃபிலிம் வெயிலை உறிஞ்சும், கண்ணாடியின் நடுப்பகுதி சூடாகி விரியும். பீடிங்குக்குள் (கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்து வைக்கும் ஓரப்பட்டை) மறைந்திருக்கும் ஓரம் அந்த அளவு சூடாகாது. அந்த இழுவையைச் சாதாரணக் கண்ணாடியின் ஓரம் தாங்காது, அதிலும் வெட்டு சரியில்லாத ஓரம் சுத்தமாகத் தாங்காது. டஃபன்ட் கண்ணாடி (சூடாக்கிக் குளிர்வித்து வலுவாக்கியது) என்றால் பெரும்பாலும் பயமில்லை. கம்பி வலை பதித்த கண்ணாடி, லேமினேட்டட் (நடுவே படலம் வைத்து ஒட்டியது), இரட்டைக் கண்ணாடி ஆகியவற்றில் அடர் ஃபிலிம் ஒட்டும் முன் ஃபிலிம் கம்பெனியின் பொருத்த அட்டவணையைக் காட்டச் சொல்ல வேண்டும். ‘உங்கள் ஜன்னலில் இருப்பது என்ன கண்ணாடி?’ என்று கேட்காமலே அளவெடுக்கிறவருக்கு வேலை தெரியாது.

ஹாலில் ஒட்டியது ஃப்ராஸ்டட். பேசியது பாலியஸ்டர் ஃபிலிம், வந்தது விளம்பரப் பலகைக்குப் போடும் பிவிசி ஸ்டிக்கர். கண்டுபிடிப்பது சுலபம்: ஒரு துண்டை இரண்டு கையாலும் இழுங்கள். பிவிசி நீளும், பாலியஸ்டர் நீளாது. பிவிசி கெட்ட பொருள் இல்லை, நிழலில் இருக்கும் உள்தடுப்புக் கண்ணாடிக்குப் போதும். மேற்கு வெயிலில் அது சுருங்கும், ஓரமெல்லாம் பசைக்கோடு தெரியும், அதில் தூசி ஒட்டிக் கறுப்பாகும். பாலியஸ்டர் விலையை வாங்கிக்கொண்டு அதை ஒட்டுவதுதான் மோசடி.

அந்த ஹால் கண்ணாடியில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகளும் இருந்தன. காரணம் போர் தண்ணீர். நம் ஊர் உப்புத் தண்ணீரைத் தெளித்து ஒட்டினால், ஈரம் காய்ந்தபின் உப்பு ஃபிலிமுக்கு அடியிலேயே தங்கிவிடும். கழற்றாமல் அதை எடுக்க வழியில்லை. 1 லிட்டர் கேன் தண்ணீரில் நாலைந்து சொட்டு பேபி ஷாம்பு போதும். சோப்பு கூடினால் பசை பிடிக்காது. குறைந்தால் ஃபிலிமை நகர்த்தி வைக்க முடியாது.

சரியாகச் செய்கிறவர் முதலில் ஃபேனை நிறுத்துவார். கண்ணாடியைப் பிளேடு ஸ்கிரேப்பரால் (டஃபன்ட் என்றால் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால்) ஒரே திசையில் வழித்து, மூலைகளையும் ரப்பர் பீடிங் ஓரத்தையும் துடைப்பார். கண்ணாடியிலும், பின்தாளை உரித்த பசைப் பக்கத்திலும் தாராளமாகத் தெளித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்க்வீஜியால் (ரப்பர் விளிம்புள்ள வழிப்பான்) தண்ணீரைத் தள்ளுவார். ஓரத்தில் 1.5 முதல் 2 மி.மீ. இடைவெளி விடுவார். அந்த இடைவெளியைக் குறை என்று நினைக்க வேண்டாம். பீடிங்மேல் ஏறிய ஃபிலிம் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். கத்தியை அழுத்தி கண்ணாடியின் மேலேயே வெட்டுகிறாரா என்று கவனியுங்கள். அந்தக் கீறல் பிற்பாடு விரிசலுக்கு வழிவிடும். உச்சி வெயில் அடிக்கும் கண்ணாடியில் தண்ணீர் உடனே காய்ந்துவிடும். மேற்கு ஜன்னலைக் காலையில்தான் ஒட்ட வேண்டும்.

குளியலறை வென்டிலேட்டரில் இருந்தது பின்ஹெட் கண்ணாடி, அதாவது ஒரு பக்கம் பொடிப்பொடியாக மேடுள்ள கண்ணாடி. மேடுபள்ளமான பக்கத்தில் எந்த ஃபிலிமும் நிற்காது. அதில் ஒட்டிக் காசு வாங்கியதைத் தெரியாமல் செய்த தவறு என்று எங்களால் ஏற்க முடியவில்லை.

குமிழ் விஷயத்தில் எல்லோருக்கும் ஒரே பதில் சொல்கிறார்கள்: ‘ஒரு மாசத்துல போயிடும்.’ தண்ணீர்க் குமிழ் போகும், தடித்த ஃபிலிமில் 30 நாள்கூட ஆகும். விரலால் மெதுவாகத் தொட்டால் உள்ளே நகர்வது தண்ணீர். நடுவில் ஒரு துகள் இருந்து கூடாரம் போல நின்றால் அது தூசி. எத்தனை மாதமானாலும் போகாது. அன்றைக்கே படம் எடுத்து, அந்தக் கண்ணாடியை மாற்றி ஒட்டச் சொல்லுங்கள்.

அளவிலும் விளையாடியிருக்கிறார்கள். கண்ணாடி 20 × 44 அங்குலம், மொத்தம் 6. பரப்பு சுமார் 36.7 சதுர அடி. 4 அடி அகல ரோலில் 44 அங்குலத்தைக் குறுக்கே வைத்து, ஒவ்வொன்றுக்கும் 21 அங்குலம் வெட்டினால் 42 சதுர அடி செலவாகும். கழிவையும் சேர்த்துக் கேட்டால் 42 நியாயம்தான். பில்லில் இருந்தது 48. ஃபிரேமோடு அளந்து, ஒவ்வொன்றையும் 2 × 4 அடி என்று ஏற்றிவிட்டார்கள். கண்ணாடிக் கணக்கா, ரோல் கணக்கா என்பதை முன்பே பேசி எழுதி வாங்குங்கள். ஃபிலிமின் பெயர், மாடல் எண், ரோல் பெட்டியின் லேபிள் படம், வெட்டி மிஞ்சிய ஒரு துண்டு, இவை நான்கும் பில்லோடு இருக்கட்டும். பிற்பாடு கேரண்டி கேட்க இவைதான் ஆதாரம்.

ஏற்கெனவே கெட்ட ஃபிலிம் இருந்தால் வறட்டு இழுப்பு இழுக்காதீர்கள். பசை கண்ணாடியிலேயே நின்றுவிடும். ஹேர் டிரையரால் ஒரு மூலையைச் சூடாக்கி, ஃபிலிமைக் கண்ணாடியை ஒட்டினாற்போல மடக்கிப் பிடித்து மெதுவாக உரியுங்கள். மிஞ்சும் பசையைச் சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டு வழியுங்கள். அதற்கும் போகாததை ஐசோபிரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்கலாம். டஃபன்ட் கண்ணாடியில் பிளேடு கீறல் போட வாய்ப்புண்டு, அங்கே பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர் போதும்.