லீப் மோஷன் கன்ட்ரோலர் 2: சி.பி. குழந்தைகளின் கைப்பயிற்சிக்கு வாங்கலாமா?

கையில் எதையும் பிடிக்க வேண்டாம், எதையும் மாட்டவும் வேண்டாம். மேசைமேல் கிடக்கும் லீப் மோஷன் என்ற இந்தச் சின்னக் கேமராவுக்கு மேலே கையை நீட்டினால், திரையில் ஒரு கை தோன்றி அதே மாதிரி விரலை விரிக்கிறது. செரிப்ரல் பால்சி (சி.பி., மூளைப் பாதிப்பால் உடல் அசைவு தடுமாறும் நிலை) உள்ள குழந்தைக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பது, வீ என்ற வீடியோ கேம் கருவியின் ரிமோட்டை விரல்களோடு சேர்த்துப் பட்டை போட்டுக் கட்டிப் பயிற்சி கொடுத்தவர்களுக்குத் தெரியும். அடுத்து வந்த கினெக்ட் என்ற உடல் அசைவு பார்க்கும் கேமரா தோளையும் முழங்கையையும் நன்றாகப் பிடித்தது. ஆனால் விரல்களைத் தனித்தனியாகப் பார்க்கவில்லை, 2017இல் அதன் தயாரிப்பும் நின்றுவிட்டது. விரல் அசைவுக்கென்று தேடும் தெரபிஸ்ட்களிடம் லீப் மோஷன் பெயர் அடிபடுவது இதனால்தான்.

முதல் மாடல் 2013இல் சுமார் 80 டாலர் விலையில் வந்தது. 2019இல் நிறுவனம் கைமாறி அல்ட்ராலீப் ஆனது. 2023இல் இந்த இரண்டாம் மாடல் வந்தது. எடை சுமார் 30 கிராம். உள்ளே இரண்டு அகச்சிவப்புக் கேமராக்களும், அகச்சிவப்பு ஒளி விடும் எல்.ஈ.டி.களும் இருக்கின்றன. 10 செ.மீ. முதல் 110 செ.மீ. வரை கையைப் பார்க்கும். இது பொதுவான கணினிச் சாதனம். சி.பி. குழந்தையின் கைக்கென்று வடிவமைக்கப்பட்டதில்லை, அதை மறந்துவிட்டு வாங்கினால் ஏமாற்றம்தான். பெட்டியில் விளையாட்டு எதுவும் வராது. மென்பொருளை இறக்கி நிறுவி, விளையாட்டைத் தனியாகத் தேடிக்கொள்ள வேண்டும்.

பொருத்துவது சுலபம், இடம் அமைப்பதில்தான் வேலை. ஜன்னல் வெயில் மேசைமேல் விழக் கூடாது, வெயிலில் உள்ள அகச்சிவப்பு கேமராவைக் குழப்பிவிடும். ஹாலோஜன் விளக்கும் அப்படியே. டியூப்லைட்டால் பெரும்பாலும் தொல்லை இல்லை. முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்துவிடுங்கள், வளையல், வெள்ளிக் காப்பு, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். எச்சில் வடியும் குழந்தையாக இருந்தால் கேமராவை வாய்க்கு நேர் கீழே வைக்காமல் பாதிப்புள்ள கையின் பக்கமாகத் தள்ளி வையுங்கள். கண்ணாடிமேல் எச்சிலோ விரல் எண்ணெயோ பட்டால் திரையில் கை நடுங்க ஆரம்பிக்கும், மெல்லிய துணியால் துடைத்தால் சரியாகிவிடும். கேபிளை நீட்டிக்க மலிவான எக்ஸ்டென்ஷன் போட்டால் இணைப்பு அடிக்கடி அறுந்து போகும், லேப்டாப்பிலேயே நேராகச் செருகுவது நல்லது.

குழந்தையின் பாதம் தரையிலோ பலகையிலோ முழுதாகப் பதிந்திருக்க வேண்டும். முழங்கைக்கு அடியில் 10 செ.மீ. உயரத்துக்கு மடித்த துண்டு வைத்து, கை கேமராவுக்கு மேல் 20 முதல் 30 செ.மீ. உயரத்தில் நிற்கும்படி பாருங்கள். முழங்கைக்குத் தாங்கல் இல்லாவிட்டால் இரண்டு மூன்று நிமிடத்திலேயே தோள் தூக்கும், உடல் சாயும், விரல் இறுக்கமும் கூடும். தோள் சோர்வைக் கைப்பயிற்சி என்று எண்ணிக் கணக்கில் எழுதிக்கொள்வது வீண்.

இனி இந்தச் சாதனத்தின் உண்மையான குறை. கேமரா கீழேயிருந்து பார்க்கிறது, கண்ணுக்குப் படுவதை மட்டும் அளக்கிறது, மறைந்திருப்பதை ஊகிக்கிறது. உள்ளங்கை கவிழ்ந்து விரல்கள் விரிந்திருந்தால் அருமையாகப் பிடிக்கும். கட்டைவிரல் மேலே நிற்க, கையைப் பக்கவாட்டில் நிறுத்தினால் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும். கேமராவுக்குச் சுண்டுவிரல் ஓரம்தான் தெரியும், மீதி ஊகம். உள்ளங்கையை முழுதாக மேலே திருப்பி விரலை மடக்கினாலோ, புறங்கை மறைத்துவிடும். ஒருபக்க பாதிப்புள்ள குழந்தையின் கை பெரும்பாலும் கவிழ்ந்தே இருக்கிறது. டம்ளரைப் பிடிக்கத் தேவையான பக்கவாட்டு நிலையும், உள்ளங்கையில் எதையாவது வாங்கிக்கொள்ளத் தேவையான மல்லாந்த நிலையும்தான் தெரபியில் நாம் தேடுவது. அந்த இரண்டு நிலையிலும்தான் இது தடுமாறுகிறது. குழந்தை சரியாகச் செய்தும் திரையில் பழம் கீழே விழுந்தால், அது தன் கைமேல்தான் பழி போட்டுக்கொள்ளும். இப்படிப்பட்ட பயிற்சிக்குக் கேமராவைத் திரையின் மேல் விளிம்பில் பொருத்தி, மென்பொருளில் அதற்குரிய முறைக்கு மாற்றிப் பாருங்கள், ஓரளவு சரியாகும்.

இன்னொரு தொல்லை, முஷ்டி. இறுக மூடிய கை கேமராவின் பார்வைக்குள் நுழைந்தால் அதைக் கையாகவே எடுத்துக்கொள்ளாமல் போகலாம், அல்லது வலது கையை இடதாக எண்ணலாம். வெளியே வைத்தே விரல்களைத் தளர்த்தித் திறந்து, திறந்த கையோடு உள்ளே கொண்டு வாருங்கள். இடம் வலம் மாறிப்போனால் கையை வெளியே எடுத்து மறுபடி நுழைப்பதே வழி. உதவி செய்யும் பெரியவர் முன்கையின் நடுவிலோ முழங்கையிலோ பிடிக்க வேண்டும். மணிக்கட்டில் பிடித்தால் இரண்டு கையும் ஒன்றாகக் கலந்து, திரையில் கை துள்ளும். கட்டைவிரல் ஸ்பிளின்ட் (விரலைச் சரியான நிலையில் நிறுத்தும் தாங்கி) போட்ட கையையும் சரியாக அடையாளம் காணாது. ஸ்பிளின்ட் இல்லாமல் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிப் போகும் குழந்தைக்கு, கிள்ளிப் பிடிக்கும் விளையாட்டுகளை ஒதுக்கிவிட்டுக் கையைத் திறந்து மூடும் விளையாட்டோடு ஆரம்பிக்கலாம்.

விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது படம் எவ்வளவு அழகு என்று பார்க்காதீர்கள். எல்லை அளவை மாற்ற முடியுமா என்று பாருங்கள். இந்த மென்பொருள் கை மூடியிருக்கும் அளவை 0 முதல் 1 வரை ஓர் எண்ணாகத் தருகிறது: முழுதாகத் திறந்தால் 0, முஷ்டி என்றால் 1. ஆரோக்கியமான கைக்காக எழுதிய விளையாட்டு, 0க்குப் பக்கத்தில் வந்தால்தான் 'பிடியை விட்டுவிட்டான்' என்று ஒத்துக்கொள்ளும். 0.6 வரைதான் திறக்க முடிகிற குழந்தைக்கு 0.65இல் ஆரம்பித்து, பத்தில் எட்டு தடவை வெற்றி வந்ததும் 0.05 குறைப்பது நியாயமான படி. விளையாட்டு எழுதப் பயன்படும் யூனிட்டி மென்பொருளுக்கான இணைப்பு இலவசமாகக் கிடைப்பதால், பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரி மாணவர்களைக் கொண்டு இப்படி ஒரு விளையாட்டை எழுதிக்கொள்ள முடியும். எந்தக் கையை மட்டும் ஏற்க வேண்டும் என்ற பூட்டும் கட்டாயம் இருக்கட்டும். இல்லாவிட்டால் நல்ல கைதான் விளையாடும், பாதிப்புள்ள கை மடியில் கிடக்கும்.

இதோடு வி.ஆர். ஹெட்செட்டும் (கண்ணை மூடித் தலையில் மாட்டும் திரை) சேர்க்கலாமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். அவசரம் வேண்டாம். மெட்டா குவெஸ்ட் 2 எடை 503 கிராம், குவெஸ்ட் 3 எடை 515 கிராம். கழுத்துக் கட்டுப்பாடு குறைந்த குழந்தைக்கு அது பாரம். 10 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அந்த நிறுவனமே அனுமதிப்பதில்லை. சி.பி. உள்ளவர்களில் நால்வரில் ஒருவருக்கு வலிப்பு நோயும் இருக்கிறது, மாறுகண்ணும் அதிகம். நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் ஹெட்செட் மாட்டக் கூடாது. லேப்டாப் திரையே கைப்பயிற்சிக்குப் போதும்.

பலன் உண்டா? துருக்கியில் நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு சி.பி. உட்பட மூன்று வகைக் கைப் பாதிப்புள்ள பிள்ளைகளுக்கு, வாரம் 3 நாள் வீதம் 8 வாரம் இந்தச் சாதனத்தின் முதல் மாடலில் பயிற்சி கொடுத்தது. வழக்கமான பயிற்சி பெற்றவர்களைவிட அவர்கள் பின்தங்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். கையின் பொதுவான திறன் உயர்வதற்கு 30 முதல் 40 மணி நேரப் பயிற்சி தேவைப்படுகிறது. ஒரு தடவைக்கு 20 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், வாரம் 3 நாள், 8 வாரத்துக்கு மொத்தம் 8 மணி நேரம்தான். மீதியை வீட்டில்தான் தேட வேண்டும், அதுவும் நிஜப் பொருள்களோடு. காற்றில் பிடிக்கும் ஆப்பிளுக்கு எடை கிடையாது, வழுக்காது, நசுங்காது. எவ்வளவு அழுத்திப் பிடிப்பது என்பதை அது கற்றுத் தராது. அதனால் திரையில் 15 நிமிடம் திறந்து மூடியதும், கை தளர்ந்திருக்கும் அந்த வேளையிலேயே இட்லியைப் பிட்டு வைப்பது, டம்ளரை நகர்த்துவது, சட்டையின் பெரிய பட்டனைப் போடுவது என்று 15 நிமிடம் சேருங்கள். முன்னேற்றத்தையும் விளையாட்டின் மதிப்பெண்ணை வைத்து அளக்காதீர்கள், குழந்தை விளையாட்டைக் கற்றுக்கொண்டாலே அது ஏறும். பாக்ஸ் அண்ட் பிளாக் பரிசோதனையில் 60 நொடியில் எத்தனை கட்டைகளைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போடுகிறது என்று தொடக்கத்திலும் 8 வாரம் கழித்தும் எண்ணிக் குறித்துவையுங்கள்.

எம்.ஏ.சி.எஸ். என்ற கைத்திறன் வகைப்பாட்டில் (1 லேசான பாதிப்பு, 5 மிகக் கடுமையானது) 1 முதல் 3 வரை உள்ள, சொன்னதைப் புரிந்து விளையாடக்கூடிய குழந்தைகள் பலர் வந்துபோகும் தெரபி மையம் தயங்காமல் வாங்கலாம். 4, 5 நிலைகளில் உள்ள, அல்லது கை தானாக முறுக்கிக்கொள்ளும் குழந்தைக்காக ஒரு குடும்பம் தனியாக வாங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். இடைப்பட்டவர்கள் எங்காவது இரவல் வாங்கி, மென்பொருளோடு வரும் கை காட்டும் திரையைத் திறந்து, குழந்தையின் கையைக் கவிழ்த்து, பக்கவாட்டில், மல்லாத்தி என்று ஒவ்வொரு நிலையிலும் பத்துப் பத்துத் தடவை திறந்து மூடச் சொல்லிப் பாருங்கள். கவிழ்ந்த நிலையில் பத்தில் ஏழு தடவையாவது திரையில் சரியாகத் தெரியாவிட்டால், அந்தப் பணத்துக்கு அளவெடுத்துச் செய்த நல்ல ஸ்பிளின்ட் ஒன்றை வாங்குங்கள்.