சென்னிமலைப் பக்கம் வாங்கிய 'வேஸ்ட் நூல்' போர்வை: என் அனுபவம்

சென்னிமலைப் பக்கம் ஒரு விசைத்தறிக்காரரின் கடையில் தடித்த போர்வை இரண்டும் டபுள் பெட்ஷீட் ஒன்றும் வாங்கினேன். மூன்றுமே பனியன் கட்டிங் வேஸ்ட்டிலிருந்து எடுத்த நூலில் நெய்தவை. மழைக்காலம் முழுக்கப் போர்த்தி, விரித்து, துவைத்துப் பார்த்தாகிவிட்டது. போர்வையைத் தயங்காமல் வாங்கலாம், பெட்ஷீட்டை யோசித்து வாங்குங்கள், லேபிளில் இருப்பதை அப்படியே நம்பாதீர்கள். இதுதான் என் முடிவு, மற்றதெல்லாம் அதற்கான விளக்கம்.

இது என்ன சரக்கு என்று கடையில் யாரும் தாமாகச் சொல்வதில்லை. திருப்பூரில் டி-ஷர்ட் வெட்டும்போது கழுத்து, கைக்குழி, ஓரம் என்று துண்டு துண்டாக விழும், நூறு கிலோ துணி வெட்டினால் பத்து கிலோவுக்குக் குறையாமல் இப்படிப் போய்விடும். அதை மூட்டையாக வாங்கி, கொட்டகையில் பெண்கள் உட்கார்ந்து கலர் கலராகப் பிரிக்கிறார்கள். லைக்ரா கலந்தது தனி, பாலியஸ்டர் தனி, ரப்பர் பிரிண்ட் அடித்த துண்டு தனி. இந்தக் கைவேலை சரியாக நடந்தால்தான் பின்னால் வரும் நூல் ஒரே நிறமாக வரும். அப்புறம் முள் பதித்த உருளைகளில் விட்டுக் கிழித்துக் கிழித்துத் திரும்பவும் பஞ்சாக்குவார்கள். கிழிபட்ட பஞ்சில் இழை குட்டையாகிவிடும், அதை மட்டும் வைத்து உறுதியான நூல் எடுப்பது கஷ்டம். அதனால் பாலியஸ்டரோ, நூற்பாலைகளில் சீவும்போது கழியும் கோம்பர் பஞ்சோ சேர்த்து, குட்டை இழையையும் நூற்கக்கூடிய 'ஓபன் எண்ட்' (ஓஇ) மில்லில் நூற்கிறார்கள். பெரும்பாலும் இருபதாம் நம்பருக்குக் கீழே (நம்பர் குறையக் குறைய நூல் தடிக்கும்) தடிமனான நூல்தான் வரும். போர்வை, மிதியடி, கையுறை, தரை துடைக்கும் மாப் எல்லாம் இதில்தான்.

எனக்கு இந்தப் போர்வை பிடித்துப்போக முக்கியக் காரணம் ஒன்று உண்டு. இதற்குச் சாயமே போடவில்லை. நீலப் போர்வை நீலமாக இருப்பது, நீல டி-ஷர்ட்டுக்கு எப்போதோ போட்ட சாயத்தால். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் தெரியும், நீலத்துக்குள்ளே அங்கங்கே வெள்ளை, மெரூன், கொஞ்சம் பச்சை என்று புள்ளி புள்ளியாக இழைகள் சிக்கிக் கிடக்கும். கடைக்காரர் அதைக் குறை என்று நினைத்து உள்பக்கமாக மடித்து வைத்திருந்தார், எனக்கென்னவோ அதுதான் அழகாகப் பட்டது.

சாயம் போடாததை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்று சென்னிமலையிலிருந்து கொஞ்ச தூரம் வண்டி ஓட்டிப் போய் ஒரத்துப்பாளையம் அணையைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பருத்தியில் சாயம் ஏற உப்பு நிறைய வேண்டும், அந்த உப்புத் தண்ணீர் பல வருடம் நொய்யல் ஆற்றில் போய், பாசனத்துக்கென்று கட்டிய அணை சாயக்கழிவு தேங்கும் இடமாகிப் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறை ஒழுங்காக நடைமுறைக்கு வந்தது. இப்போது தண்ணீரில் பெரும்பகுதியையும் உப்பையும் மீட்டுத் திரும்பச் சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். உண்மையிலேயே பெரிய சாதனை. ஆனால் கடைசியில் மிஞ்சும் தண்ணீரைக் காய்ச்சி வற்ற வைக்க எரிபொருளும் கரண்டும் கொட்டிக்கொடுக்க வேண்டியிருக்கிறது, அப்படியும் பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகத் தேங்குகிறது. சுழல் பொருளாதாரம், அதாவது கழிவைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது பற்றிப் பேசுகிறவர்கள் இந்தச் சுத்திகரிப்பு ஆலைகளைத்தான் முதலில் காட்டுவார்கள். நான் இந்தப் போர்வையை முதலில் காட்டுவேன், ஏனென்றால் இதில் சுத்திகரிக்க வேண்டிய சாயத்தண்ணீரே உண்டாகவில்லை.

சரி, உபயோகத்துக்கு வருவோம். போர்வை கனமாக, நல்ல கதகதப்பாக இருக்கிறது. முதல் துவையலில் பக்கெட்டில் பஞ்சுத் தூசி மிதந்தது, அடுத்தடுத்து குறைந்துவிட்டது. வெள்ளை வேட்டியோடு சேர்த்து ஊற வைத்தும் சாயம் இறங்கவில்லை. விலை, அதே அளவு புதுப் பஞ்சுப் போர்வையின் விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

பெட்ஷீட்தான் சுமார். கால் உரசும் இடத்தில் குட்டிக் குட்டி உருண்டையாகப் பஞ்சு திரண்டுவிட்டது, கொஞ்சம் சொரசொரப்பும் உண்டு. குட்டை இழை நூலில் மென்மையை எதிர்பார்க்க முடியாது, தினமும் உடம்பு உரசுகிற துணிக்கு இது ஏற்றதல்ல. குழந்தைக்கு விரிக்க நான் வாங்க மாட்டேன்.

எனக்குக் கோபம் வந்தது லேபிளைப் பார்த்துத்தான். '100% ரீசைக்கிள்ட் காட்டன்' என்று போட்டிருக்கிறது. ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்திப் பார்த்தேன், பருத்தி மாதிரி சாம்பலாக உதிராமல் நுனியில் கறுப்பாக இறுகி மணி கட்டியது. பாலியஸ்டர் இருக்கிறது. கடைக்காரரிடம் கேட்டபோது, "பாலி கொஞ்சம் போடாம நூல் தறியில நிக்காதுங்க" என்று அவர் மறைக்காமல் சொன்னார். அதையே அட்டையில் அச்சடித்தால் என்ன? பருத்தி எழுபது, பாலியஸ்டர் முப்பது என்று எழுதினால் நான் வாங்காமல் போய்விடுவேனா? மறுசுழற்சிப் பொருட்களுக்கான பன்னாட்டு ஜிஆர்எஸ் (குளோபல் ரீசைக்கிள்ட் ஸ்டாண்டர்ட்) சான்றிதழே 20 சதவீத மறுசுழற்சிப் பொருள் இருந்தால் கிடைத்துவிடும், வாடிக்கையாளர் பார்க்கும் லேபிளில் அந்த முத்திரை போட 50 சதவீதம் வேண்டும். அதாவது முத்திரை இருந்தாலே நூறு சதவீதம் என்று அர்த்தமில்லை. கலவை தெரிய வேண்டியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணியைக் கிழித்து மறுபடி நூலாக்குவது இன்னும் சிரமம்.

2023 பிப்ரவரியில் பிரதமர் மோடி பிளாஸ்டிக் (பெட்) பாட்டிலை மறுசுழற்சி செய்த துணியில் தைத்த நீல ஜாக்கெட் போட்டு நாடாளுமன்றத்துக்கு வந்தார், துணி கரூர்க்காரர்களுடையது. நமக்குப் பெருமைதான். அதே கவனத்தில் கொஞ்சம் இந்தத் தொழிலுக்கும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நான் போய்ப் பார்த்த பிரிப்புக் கொட்டகையில் அவ்வளவு பஞ்சுத் தூசிக்கு நடுவே ஒருசிலர்தான் மூக்கில் துணி கட்டியிருந்தார்கள். போர்வைக்கு இன்னும் இருபது முப்பது ரூபாய் கூடினாலும் பரவாயில்லை, அங்கே தூசி உறிஞ்சும் மெஷினும் நல்ல மாஸ்க்கும் வர வேண்டும்.

வாங்கப் போகிறவர்கள் அடர் நிறமாகப் பார்த்து எடுங்கள், நீலம், கரும்பச்சை, சாம்பல் எல்லாம் பெரும்பாலும் வேஸ்ட்டின் சொந்த நிறம். பளிச்சென்று ஒரே சீரான ரோஸ், மஞ்சள் இருந்தால் மேலே சாயம் போட்டதா என்று கேட்டுவிடுங்கள். துணியை விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், பஞ்சு கையோடு வந்தால் வேண்டாம். முதல் இரண்டு துவையலைத் தனியாகப் போடுங்கள்.