பெரம்பூர் வீட்டுத் தரகர்: பாதி உதவி, பாதி தலைவலி

புனேயிலிருந்து குடும்பத்தோடு வடசென்னைக்கு வருவது என்று முடிவானதும் பெரம்பூரில் ஒரு வீட்டுத் தரகரைப் பிடித்தோம். ஒரே நாளில் ஆறு வீடு காட்டினார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் வியாசர்பாடியில் காட்டிய தரைத்தள வீட்டில், புதுசாகப் பெயிண்ட் அடித்திருந்தும், மீட்டர் பெட்டிக்குக் கீழே முழங்கால் உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு. கேட்டால் "சும்மா ஓதம் சார்" என்றார். எதிர்வீட்டு அக்காவோ, "மழைக்காலத்துல வந்து பாருங்க தம்பி" என்று சிரித்தார். சரி என்று கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டோம்.

கடைசியில் அமைந்தது திருவொற்றியூர் தேரடி பக்கம், இரண்டாவது மாடி. 2021-இல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டதால் மனைவிக்கு அண்ணா சாலை ஆபீசுக்கு ஒரே ரயில், மாறவே வேண்டாம். ஆலைகள் நிறைந்த மணலிப் பக்கமிருந்து காற்றடித்தால் வருகிற வாடையைப் பற்றி மட்டும் தரகர் வாயே திறக்கவில்லை.

முன்பணம் பத்து மாதம் என்றார். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்று தமிழ்நாட்டு வாடகைச் சட்டமே சொல்கிறதே என்றதும் ஐந்துக்கு இறங்கினார். தரகு ஒரு மாத வாடகை, ரசீது கேட்டால் இன்னும் "நாளைக்கு"தான்.