வெளிக்காட்டில் கைப்பேசி மணி கேட்க: ரகசியக் குறியீடா, செயலியா, ராகமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் செம்பனைக் குலை வெட்டுகிறார் என் மாமா. கைப்பேசி இருக்கும் பையை மோட்டார் சைக்கிளில் மாட்டிவிட்டு மர நிரைக்குள் போய்விடுவார். பக்கத்தில் புல்வெட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். அத்தை தலைசுற்றி விழுந்த அன்று ஏழு தடவை கூப்பிட்டேன். பசியாற வந்து உட்கார்ந்தபோதுதான் அவர் பார்த்தார். அந்த ஒரு மணி நேரத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. மணிச் சத்தத்தைக் கூட்ட ஊரில் சொல்கிற வழிகளை எல்லாம் அதே நிரையில் வைத்தே சோதித்தேன்.

முதலில் எல்லாரும் சொல்வது ரகசியக் குறியீடு. மீடியாடெக் சில்லு உள்ள பல கைப்பேசிகளில் *#*#3646633#*#* என்று தட்டினால் இன்ஜினியர் மோட் என்ற மறைவான அமைப்பு மெனு திறக்கும். பழைய மாடல்களில் ஆடியோ, லவுட்ஸ்பீக்கர், ரிங் என்று உள்ளே போனால் ஒவ்வொரு ஒலிப் படிக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் இருக்கும். உச்ச ஒலி வரம்புக்குத் தனியாக 0 முதல் 160 வரை. அவசரப்பட்டு உச்சத்தை 160க்கு ஏற்றிவிட்டேன். சத்தம் கொஞ்சம் கூடியது, கூடவே கரகரப்பும் வந்தது. காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு மின்திறன் வேண்டும். விரல்நகம் அளவுள்ள ஒலிபெருக்கி அதற்கு எங்கே போகும்? செய்தே ஆக வேண்டுமென்றால் பழைய எண்களை முதலில் தாளில் எழுதிவைத்து, ஐந்தைந்தாக ஏற்றுங்கள். புது மாடல்கள் பலவற்றில் இந்த மெனுவையே மூடிவிட்டார்கள். ஸ்னாப்டிராகன் சில்லு உள்ள போனில் இந்த எண்ணால் பயனில்லை. ரூட் செய்து, அதாவது போனின் முழுக் கட்டுப்பாட்டையும் எடுத்துக்கொண்டு, ஒலி அளவுகள் இருக்கும் மிக்சர் கோப்பில் கை வைக்க வேண்டும், அப்புறம் வங்கிச் செயலி திறக்க மறுக்கலாம். சம்பளம் பார்க்கும் போனில் அதைச் செய்ய நான் சம்மதிக்க மாட்டேன்.

வால்யூம் பூஸ்டர் செயலிகள் இன்னும் மோசம். ஆண்ட்ராய்டு 4.4இல் 2013இல் வந்த ஒரு வசதியைத்தான் பல செயலிகள் பயன்படுத்துகின்றன. அது ஒலியை எண்ணளவில் பெருக்கிக் காட்டும், அவ்வளவுதான். ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும் பாட்டைப் பெருக்கினால் நெரிபட்ட சத்தம்தான் மிஞ்சும். நடுவில் விளம்பரம் வேறு.

சாம்சங்காரர்களுக்கு சவுண்ட் அசிஸ்டன்ட் என்ற செயலி இருக்கிறது. வழக்கமான 15 படிகளை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கலாம், ஒவ்வொரு செயலிக்கும் தனி அளவு வைக்கலாம். குழந்தை தூங்கும் வீட்டுக்கு அருமையான கருவி, வெளிக்காட்டுக்கு உதவாது.

எனக்குக் கைகொடுத்தது மணியின் ராகத்தை, அதாவது ரிங்டோனை, மாற்றியதுதான். மாமா வைத்திருந்தது உறுமி மேளம். அந்த அடிவயிற்று உறுமல்தான் அதன் உயிர், ஆனால் சின்ன ஒலிபெருக்கியால் தாழ்ந்த ஒலியைத் தூக்க முடியாது. நம் காது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையில்தான் கூர்மையாக இருக்கும். நாதஸ்வரத்தின் கணீரென்ற மேல்நாதம் அங்கேதான் எட்டும்.

கல்யாண வீட்டில் நானே பதிவுசெய்த ஒரு துண்டை கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்தேன். மெதுவாகத் தொடங்கும் இழைவை வெட்டி, முதல் நொடியிலேயே உச்ச ஸ்தாயி வரும்படி வைத்தேன். 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைத்தேன். கம்ப்ரஸர் போட்டு ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்த பிறகு மொத்த ஒலியை உயர்த்தி, 20 நொடிக் கோப்பாக ரிங்டோன்ஸ் கோப்புறையில் போட்டேன். மணி மெல்ல மெல்ல உயரும் அமைப்பு இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

செம்பனையை ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில் நடுவார்கள். மரத்தை எண்ணியே தூரம் பார்த்தேன். மெஷின் ஓடும்போது உறுமி மூன்றாவது மரத்தில் கரைந்துபோனது. நாதஸ்வரம் ஏழாவது மரத்திலும் காதில் விழுந்தது. போனைத் தலைகீழாக, ஒலித்துளை மேலே இருக்கும்படி பையில் வைத்த பிறகு இன்னும் ஒரு மரம் கூடியது. துணி மேல்நாதத்தை விழுங்கிவிடும் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

அத்தை எண்ணுக்கும் என் எண்ணுக்கும் மட்டும் நாதஸ்வரம் வைத்திருக்கிறேன். மற்ற எல்லாருக்கும் மாமாவின் உறுமியே இருக்கட்டும்.